ஸ்டிக்கரில் இருக்கும் வாட்: பில்லுக்கு எது, பிளக்குக்கு எது, இன்வெர்ட்டருக்கு எது?

கேள்வி: புது வீட்டுக்கு 1500 வாட் கெட்டில், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 750 வாட் மிக்ஸி, 1.5 டன் ஏசி வாங்கியிருக்கிறோம். ஏசி ஸ்டிக்கரில் 5000 வாட் என்று பார்த்ததும் பயமாகிவிட்டது. வாட் கூடினால் கரண்ட் பில்லும் கூடுமா? எதை எந்தப் பிளக்கில் செருகலாம்? 900 வி.ஏ. இன்வெர்ட்டர் இதையெல்லாம் தாங்குமா?

பதில்:

முதலில் ஏசி பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அந்த 5000 வாட் உங்கள் ஏசி இழுக்கும் மின்சாரம் கிடையாது. அறையிலிருந்து அது வெளியே தள்ளும் வெப்பத்தின் அளவு. ஒரு டன் என்பது 3517 வாட் வெப்பம். ஒன்றரை டன்னுக்கு ஏறக்குறைய 5275. அதனால்தான் கம்பெனிக்குக் கம்பெனி 5000, 5100, 5200 என்று போடுகிறார்கள். அதே ஸ்டிக்கரில் கொஞ்சம் கீழே ‘இன்புட் பவர்’ அல்லது ‘பவர் கன்சம்ப்ஷன்’ என்று இன்னொரு எண் இருக்கும். 1400 முதல் 1700 வாட்டுக்குள் வரும். உங்கள் மீட்டருக்குத் தெரிவது அந்த எண்தான்.

உங்கள் குழப்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. எல்லாச் சாதனத்திலும் ‘வாட்’ என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றில் அது உள்ளே இழுப்பது, இன்னொன்றில் வெளியே கொடுப்பது, மற்றொன்றில் அதிகபட்சமாகப் போகக்கூடிய எல்லை. ஸ்டிக்கரைப் பார்த்ததும் ‘எத்தனை வாட்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இது எந்த வாட்’ என்று கேளுங்கள்.

அடிப்படை இரண்டே வரி. வாட் என்பது மின்சாரம் செலவாகும் வேகம். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பைக்கின் ஸ்பீடாமீட்டர் வாட் என்றால், ஓடிய கிலோமீட்டர் யூனிட். பில் வருவது கிலோமீட்டருக்கு. ஆகவே கணக்கு இப்படி: வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் யூனிட்.

இதை வைத்து உங்கள் கெட்டிலைப் பார்ப்போம். 1500 வாட், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஒரு தடவைக்கு 0.125 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால் 60 நாளுக்குப் போட்டால் 15 யூனிட். இப்போது டிவிக்குக் கீழே இருக்கும் செட் டாப் பாக்ஸைப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் சுவிட்சை அணைக்காவிட்டால் பல பாக்ஸ்கள் 10 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். 10 வாட், 24 மணி நேரம், 60 நாள்: 14.4 யூனிட். 1500 வாட் கெட்டிலும் யாரும் கண்டுகொள்ளாத அந்தப் பெட்டியும் பில்லில் ஏறக்குறைய சமம்.

சீலிங் ஃபேன் இன்னும் பெரிய ஆள். பழைய வகை ஃபேன் 75 வாட்; ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். அதே காற்றைத் தரும் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மோட்டார் உள்ளது) 30 வாட்டில் ஓடும், 21.6 யூனிட்தான். ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் வித்தியாசம். வீட்டில் எது அதிக வாட் என்று தேடுவதைவிட எது அதிக நேரம் ஓடுகிறது என்று தேடினால் பில் எங்கே ஏறுகிறது என்று சீக்கிரம் பிடிபடும். ஃபேன், ஃபிரிட்ஜ், ஏசி, தண்ணீர் மோட்டார் இந்த நான்கில்தான் பெரும்பாலான வீடுகளின் யூனிட் போகிறது.

வெப்பச் சாதனங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய 0.084 யூனிட் வெப்பம் வேண்டும். இதை 1000 வாட் கெட்டில் கொடுத்தாலும் 1500 வாட் கெட்டில் கொடுத்தாலும் அதே அளவுதான். சின்ன கெட்டில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும், பெரியது மூன்றரை நான்கு நிமிடத்தில் முடிக்கும். சொல்லப்போனால் மெதுவாகக் கொதிப்பதில்தான் சுற்றிலும் வெப்பம் வீணாவது கூட. ‘2000 வாட் கீசர் வேண்டாம், 1000 வாட் இருந்தால் கொடுங்கள், பில் குறையும்’ என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. குறையாது, குளிக்கக் காத்திருக்கும் நேரம்தான் கூடும். கீசரில் பில்லைக் குறைக்க வழி, குறைந்த சூட்டில் வைப்பதும் குளித்ததும் அணைப்பதும். 15 லிட்டரை 28-லிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகும். 2000 வாட்டில் அது 14 நிமிட வேலை. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டு வைக்கத் தேவையில்லை.

இனி ‘எந்த வாட்’ என்ற விஷயம்.

மிக்ஸியில் 750 வாட் என்பது குறிப்பிட்ட சுமையோடு ஓடும்போது அது உள்ளே இழுக்கும் அளவு. வெறும் ஜாரோடு ஓடினால் அதைவிட நன்றாகக் குறைவாகவே இழுக்கும். தண்ணீர் விடாமல் தேங்காய்ச் சில்லை அடைத்து வைத்து ஓட்டினால் 750-ஐத் தாண்டும். பிளேடு சிக்கி நின்றே போனால் மிக மோசம். சுழலாத மோட்டாருக்குள் பாயும் மின்சாரம் முழுவதும் சூடாக மாறும். அந்த நேரத்தில் காப்பாற்றத்தான் மிக்ஸியின் அடியில் சிவப்பு பட்டன் ஒன்று இருக்கிறது. அது வெளியே தள்ளிவிட்டால் சுவிட்சை அணைத்து, ஜாரைக் காலி செய்து, சில நிமிடம் ஆறவிட்டு அழுத்துங்கள். அடிக்கடி விழுகிறது என்பதற்காக மெக்கானிக்கிடம் சொல்லி அதை ஷார்ட் செய்துவிட்டால் அடுத்து எரிவது காயில். பல மிக்ஸிகளின் தகட்டில் ‘30 மினிட்ஸ் ரேட்டிங்’ என்றும் இருக்கும். 30 நிமிடம் ஒரே மூச்சில் ஓட்டலாம் என்று அதற்குப் பொருளில்லை. ஐந்து நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, மறுபடி ஓட்டும் முறையில் அந்த அரை மணி நேரம். மாவு அரைப்பதற்கு இது பொருந்தாது. டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான், அதுவே 40 நிமிடம் நிதானமாக அரைத்து 0.1 யூனிட்டில் வேலையை முடிக்கும்.

மைக்ரோவேவ் அவனில் பெட்டியின் மேல் பெரிதாக இருக்கும் 800 வாட், உணவுக்குள் போகும் அளவு. பிளக்கிலிருந்து அது இழுப்பது 1200 வாட் பக்கம். பின்புறத் தகட்டில் இரண்டும் தனித்தனியாக இருக்கும்.

தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட், ஆனால் அது தண்டில் கிடைக்கும் சக்தி. வீட்டில் ஓடும் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் அதைக் கொடுக்க 1100 வாட் அளவுக்கு இழுக்கும். மீதி மோட்டாரைத் தொட்டால் தெரியும் சூடு. தினம் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 33 யூனிட்.

லேப்டாப் சார்ஜரில் ‘இன்புட் 100-240 வோல்ட், 1.5 ஆம்பியர்’ என்று எழுதியிருப்பதை 230-ஆல் பெருக்கி 345 வாட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது மிகக் குறைந்த வோல்டேஜில், முழுச் சுமையில் போகக்கூடிய எல்லை. பார்க்க வேண்டியது ‘அவுட்புட்’ வரி: 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். அதுவும் பேட்டரி காலியாக இருக்கும்போது மட்டும். போன் சார்ஜைப் பற்றிக் கவலையே வேண்டாம். 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரியை ஒருமுறை நிரப்ப, வீணாவதையும் சேர்த்து 25 வாட்-மணி. ஒரு யூனிட்டில் 40 தடவை நிரப்பலாம். 67 வாட் சார்ஜரை 15 வாட் போனில் மாட்டினாலும் போன் கேட்கும் அளவுதான் போகும்.

ஸ்பீக்கர் பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ.’ (கண நேர உச்சம்) என்று ஆயிரக்கணக்கில் போடும் வாட்டை அப்படியே விட்டுவிடுங்கள். தொடர்ந்து தரக்கூடியதைச் சொல்லும் ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற எண் மட்டுமே உண்மையான அளவு. 60 வாட் இழுக்கும் பெட்டி 3000 வாட் சத்தம் தர இயற்கை அனுமதிக்காது.

ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் வாட்டை விட்டுவிட்டு ஸ்டார் லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டைப் பாருங்கள். கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதாலும், இன்வெர்ட்டர் ஏசி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதாலும் தகட்டு வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் தவறான விடைதான் வரும். ஏசி லேபிளில் ஒரு கவனம்: ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் போட்ட எண் அது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 200 நாள். சென்னையிலோ திருச்சியிலோ மாசி முதல் ஐப்பசி வரை தினமும் இரவெல்லாம் போடுபவர்களுக்கு அது போதாது. உங்கள் மணி நேரத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தகட்டில் உள்ள வாட் எல்லாமே 230 வோல்ட்டுக்கு உரியது என்பதையும் நினைவில் வையுங்கள். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, கீசர் போன்ற வெறும் காயில் சாதனங்களில் வோல்டேஜ் குறைந்தால் வாட் அதைவிட வேகமாகக் குறையும், வர்க்கமாக: வோல்டேஜ் பாதியானால் வாட் கால் பங்காகிவிடும். மாலையில் 180 வோல்ட் வந்தால் 1500 வாட் கெட்டில் 920 வாட் கெட்டிலாகிவிடும். தண்ணீர் கொதிக்க நேரமாகும், அவ்வளவுதான், சாதனத்துக்குக் கேடில்லை. மோட்டாரில் நடப்பது வேறு. வோல்டேஜ் குறைந்தால் அதன் இழுவிசை விழும், வேகம் குறையும், சுமையோ அப்படியே இருக்கும். ஈடுகட்ட அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். லோ வோல்டேஜில் மோட்டார் காயில் எரிவது இதனால்தான். சுவிட்ச் போட்டதும் சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அணையுங்கள். மோட்டார் கிளம்ப உதவும் கெபாசிட்டர் என்ற உறுப்பு கெட்டுப்போயிருந்தாலும் இதே உறுமல்தான் வரும். முதலில் வோல்ட்மீட்டரைப் பாருங்கள், வோல்டேஜ் சரியாக இருந்தால் அடுத்து கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் ஹேர் டிரையரையும் ரைஸ் குக்கரையும் நம் பிளக்கில் செருகக் கூடாது என்பதற்கும் அதே வர்க்கக் கணக்குதான் காரணம். 1500 வாட் டிரையர் இங்கே 5500 வாட்டுக்குப் போகப் பார்க்கும். சில நொடியில் முடிந்துவிடும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, பிளக். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் பில் தவறினால் பணம் போகும், இங்கே தவறினால் வீடு எரியும்.

வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். கெட்டில் 6.5, இண்டக்‌ஷன் 8.7, இஸ்திரிப் பெட்டி 1000 வாட் என்றால் 4.3, மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் 3000 வாட் என்றால் 13. நம் வீடுகளில் இரண்டு அளவு சாக்கெட்: சின்னது 6 ஆம்பியர், பெரிய ஓட்டை உள்ள பவர் பிளக் 16 ஆம்பியர். பழைய ஆட்கள் 5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ் என்பார்கள். சின்னதின் எல்லை 1380 வாட். ஆக மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் அதில் ஓடலாம். உங்கள் கெட்டிலும் இண்டக்‌ஷனும் கூடாது. பெரிய பின்னை சின்ன சாக்கெட்டில் செருகுவதற்கென்றே ஒரு கன்வர்ட்டர் பிளக் கடையில் 50, 100 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தயவுசெய்து அதை அடுப்புக்கும் கீசருக்கும் வாங்காதீர்கள். எர்த் பின்னை விட்டுவிட்டு இரண்டு பின்னில் மாட்டும் அடாப்டர் அதைவிட ஆபத்து. காயில் கசிந்தால் கீசர் உடம்பெல்லாம் ஷாக் ஏறும்.

‘இத்தனை நாளாகச் சின்ன பிளக்கில்தான் ஓடுகிறது, எம்.சி.பி. விழவே இல்லையே’ என்பார்கள். விழாது. எம்.சி.பி. என்பது அளவுக்கு மீறி ஆம்பியர் போனால் தானாக அணையும் சுவிட்ச்; அது காப்பது சுவருக்குள் போகும் வயரை, சாக்கெட்டை இல்லை. அந்த லைனில் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால் 8.7 ஆம்பியரை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் போனாலும் விழக் கூடாது என்பதுதான் அதன் தயாரிப்பு விதி. 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்றால், அது மின்கசிவு வந்தால் அணைக்கும் சுவிட்ச் மட்டும்; ஓவர்லோடை அது பார்ப்பதில்லை.

எரிவது எங்கே என்றால் தொடும் இடத்தில். சாக்கெட்டுக்குள் பித்தளைப் பட்டை தளர்ந்தோ கறுத்தோ போனால் அந்த இடத்தில் 0.3 ஓம் தடை வந்துவிடலாம். கேட்க ஒன்றுமில்லாத எண். ஆனால் 8.7 ஆம்பியர் அதன் வழியாகப் போனால், 8.7 பெருக்கல் 8.7 பெருக்கல் 0.3: ஏறக்குறைய 23 வாட். டிவி ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அவ்வளவு சூடு, பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள், சின்ன ஒரு புள்ளியில். சூட்டில் பட்டை இன்னும் தளரும், தடை இன்னும் கூடும், சூடு இன்னும் ஏறும். பிளக் பின்னில் பழுப்பு, சாக்கெட் ஓரம் மஞ்சள், மீன் நாற்றம் போல ஒரு வாடை: இந்த மூன்றில் ஒன்று தெரிந்தால் அந்த சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கறுத்துப்போன மற்றது புதியதையும் கெடுத்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே சட்டம். ஆறு ஓட்டை இருப்பதால் ஆறு சாதனம் தாங்கும் என்று பொருளில்லை. மொத்தத்துக்கும் சேர்த்து அதன் அடியில் எழுதியிருக்கும் 6 அல்லது 10 ஆம்பியர்தான். டிவி, மோடம், போன் சார்ஜர், லேப்டாப் எல்லாம் சேர்ந்தாலும் 2 ஆம்பியரைத் தொடாது, தாராளமாக மாட்டலாம். கெட்டில், இஸ்திரி, ஹீட்டர் ராடு வேண்டாம். சுருட்டி வைத்த வயரில் பெரிய சுமையை ஓட்டினால் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

புது வீடு என்பதால் வயரிங்கில் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ. வயர், சமையலறை பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. லைன், ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி. சமையலறையில் இண்டக்‌ஷனும் கெட்டிலும் மைக்ரோவேவும் ஒரே லைனில் இருந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் 4700 வாட், 20 ஆம்பியருக்கு மேல். அங்கே இரண்டு லைன் இழுக்கச் சொல்லுங்கள். சுவர் பூசிய பிறகு இதைச் செய்வது கஷ்டம்.

மூன்றாவது, இன்வெர்ட்டர். 900 வி.ஏ. என்பது 900 வாட் இல்லை. வி.ஏ. என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கிய எண். அதில் எவ்வளவு வேலையாக மாறுகிறது என்பதுதான் வாட். கெட்டிலில் இரண்டும் ஒன்று. மலிவான 9 வாட் எல்.இ.டி. பல்பு 18 வி.ஏ. வரை கேட்கலாம். 900 வி.ஏ. இன்வெர்ட்டரை 650-லிருந்து 700 வாட் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். உங்கள் மிக்ஸி 750 வாட், அதோடு ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு இழுக்கும். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தான் என்றாலும் கம்ப்ரஸர் கிளம்பும் நேரத்தில் தடுமாற வைக்கும். இரண்டையும் விட்டுவிடுங்கள். கெட்டில், இண்டக்‌ஷன், ஏசி பற்றிப் பேச்சே இல்லை.

எவ்வளவு நேரம் ஓடும் என்பது பேட்டரியின் கையில். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி என்றால் ஏட்டில் 1800 வாட்-மணி. அது 20 மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியராக எடுத்தால் கிடைக்கும் அளவு. நாம் வேகமாக எடுப்போம், இன்வெர்ட்டரிலும் 15, 20 சதவீதம் போகும், பேட்டரி முழுவதும் காலியாகும் முன்பே கட் ஆகும். கைக்கு வருவது 1100 வாட்-மணி என்று கணக்கிடுங்கள். பழைய வகை ஃபேன் மூன்று, 9 வாட் பல்பு ஐந்து: 270 வாட், நான்கு மணி நேரம். அதே மூன்றும் பி.எல்.டி.சி. ஃபேனாக இருந்தால் 135 வாட், எட்டு மணி நேரத்துக்கு மேலே. பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள். பில்லும் சேர்ந்து குறையும்.

பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் ‘பவர் சேவர்’ பெட்டியை யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். உள்ளே பெரும்பாலும் ஒரு கெபாசிட்டர் இருக்கும். அது வி.ஏ.-வைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது வாட்டைத்தான். அதில் எரியும் சின்ன விளக்குக்கும் சேர்த்து நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள்.

ஸ்டிக்கரை நம்பாமல் நீங்களே அளக்க ஒரு வழி இருக்கிறது, செலவே இல்லை. மீட்டரின் முகப்பில் மினுக்கும் சிவப்பு விளக்குக்கு அருகே ‘3200 இம்ப்/கே.டபிள்யூ.ஹெச்.’ என்றோ 1600 என்றோ இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை தடவை மினுக்கும் என்று அர்த்தம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அளக்க வேண்டிய சாதனத்தை மட்டும் போடுங்கள். ஒரு மினுக்கலில் போனின் ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கி, அதற்குப் பிறகு 10 மினுக்கல் எண்ணி நிறுத்துங்கள். 3200 மீட்டராக இருந்தால் 11250-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் வாட். 1600 என்றால் 22500-ஐ வகுக்க வேண்டும். 150 நொடி ஆனால் 75 வாட், அது ஃபேன். 10 நொடி ஆனால் 1125 வாட், மோட்டார். சின்ன சாதனங்களுக்கு 10 மினுக்கல் வர நேரமாகும், பொறுமையாக இருங்கள்.

ஒவ்வொரு சாதனத்தின் சுவிட்சையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் முதலில் இன்வெர்ட்டரைப் பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு பேட்டரி ஏறும்போது அது மட்டுமே 250 வாட் வரை இழுக்கும். அடுத்து காலிங் பெல், மாடியில் மோட்டார் ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர், வாசல் விளக்கு. அவற்றையும் துண்டித்த பிறகு மினுக்கல் நிற்கவில்லை என்றால் எம்.சி.பி.-க்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளுங்கள். எதைத் தள்ளும்போது நிற்கிறதோ அந்த லைனில் கசிவோ, தெரியாமல் ஓடும் இணைப்போ இருக்கிறது. அதை மட்டும் அணைத்து வைத்துவிட்டு, மெக்கர் கருவி வைத்திருக்கும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைனின் இன்சுலேஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.